சுதந்திர நாடுதான் மனித உரிமைக்கு வாக்களிக்குமா? சொற்போர் அணிக்கு உதவி தேவை

பிறை_டீச்சர்:

வணக்கம். பட்டர்வொர்த் வட்டாரத்தில் ஓர் இடைநிலைப்பள்ளியில் வரலாறு சொல்லிக்கொடுக்கிறேன். படிவம் 6 பிள்ளைகளின் சொற்போர் அணியும் என் பொறுப்புதான். இந்த முறை தலைப்பு: ‘உள்நாட்டில் சுதந்திரம் தரும் நாடே உலக அரங்கில் மனித உரிமைக்கு வாக்களிக்கும்’. எங்களுக்கு விழுந்தது ஒட்டிப் பேசும் பக்கம். தலைப்பைக் கேட்டதும் பிள்ளைகள் துள்ளினார்கள், லேசான பக்கமாம்.

லேசோ கஷ்டமோ, மேடையில் ஆதாரம் வேண்டும். ஐ.நா. மனித உரிமைப் பேரவையில் 2012 மார்ச் 22 அன்று இலங்கை பற்றி வந்த தீர்மானத்தை எடுக்கச் சொன்னேன். ஆதரவு 24, எதிர்ப்பு 15, நடுநிலை 8. மொத்தம் 47 நாடுகள். ஒவ்வொரு நாட்டின் பெயரையும் சின்னத் தாளில் எழுதி வெட்டினோம். நாடுகளின் சுதந்திரத்தை ஆண்டுதோறும் தரம் பிரிக்கும் ஃப்ரீடம் ஹவுஸ் அமைப்பின் அந்த ஆண்டு அறிக்கை கொடுத்த தரத்தைப் பார்த்து நிறம் பூசினோம். சுதந்திர நாடு என்றால் பச்சை, ஓரளவு சுதந்திரம் என்றால் மஞ்சள், சுதந்திரமில்லை என்றால் ஊதா. மணிலா அட்டையில் மூன்று வரிசையாக ஒட்டியாயிற்று.

மேல் வரிசை, அதாவது ஆதரவு, முக்கால்வாசி பச்சை. எதிர்ப்பு வரிசையில் சீனா, ரஷ்யா, கியூபா, சவூதி, கத்தார் என்று ஊதாவும் மஞ்சளும். பிள்ளைகள் கைதட்டி முடிப்பதற்குள் ஒரு மாணவி கேட்டாள்: “டீச்சர், இந்தோனேசியா பச்சை. அது ஏன் எதிர்ப்பில் இருக்கு?” உடனே இன்னொருவன், “கேமரூன் ஊதா, லிபியா ஊதா, ரெண்டும் ஆதரவுல இருக்கே!” என்றான். போட்ஸ்வானா பச்சையாக இருந்துகொண்டு நடுநிலையில் உட்கார்ந்திருக்கிறது. நம் மலேசியா மஞ்சள், நடுநிலை. அது ஒன்றுதான் எந்தத் தொந்தரவும் கொடுக்கவில்லை.

எதிரணி இந்த நான்கைந்து துண்டுகளைப் பிடித்துக்கொண்டால் நாங்கள் என்ன சொல்வது? ஒரு வாக்கெடுப்பை வைத்துப் பேசலாமா, இல்லை இன்னும் எடுக்க வேண்டுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


காரக்குழம்பு:

டீச்சர், முதலில் அந்த நிறத்தையே சந்தேகப்படுங்கள். ஃப்ரீடம் ஹவுஸ் வாஷிங்டனில் இருக்கிறது, பணத்தில் பெரும்பங்கு அமெரிக்க அரசாங்கம் கொடுத்தது. 2012 தீர்மானத்தைக் கொண்டுவந்ததும் அமெரிக்கா. வாத்தியார் தன் சொந்தப் பிள்ளையின் பரீட்சைத் தாளைத் திருத்துகிற மாதிரி. எதிரணி இதைத்தான் முதலில் கேட்பார்கள்.


பாயான்லெப்பாஸ்_நைட்ஷிப்ட்:

தொழிற்சாலையில் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் இருக்கிறேன். நாள் முழுக்க எண்களோடு சண்டை. எனக்குப் பட்டதைச் சொல்கிறேன்.

காரக்குழம்பு சொல்வது நியாயமான சந்தேகம். அதற்காக அட்டையைக் கிழித்துப்போட வேண்டாம். சுவீடனில் கோத்தன்பர்க் பல்கலைக்கழகத்தை மையமாக வைத்து, ஜனநாயகத்தை அளக்க வி-டெம் என்றொரு திட்டம் நடக்கிறது. அவர்கள் அளக்கும் முறையே வேறு. 2021 அறிக்கையில் ஃப்ரீடம் ஹவுஸ் இந்தியாவை ‘ஓரளவு சுதந்திரம்’ என்று இறக்கியது. அதே ஆண்டு வி-டெம் அதைத் ‘தேர்தல் நடத்தும் எதேச்சாதிகாரம்’ என்ற வகையில் போட்டது. இரண்டு அளவுகோலும் பெரும்பாலும் ஒரே பக்கம்தான் சாய்கின்றன. ஆகவே நிறத்தை நம்பலாம், ஆனால் மூன்று நிறம் போதாது. ஃப்ரீடம் ஹவுஸ் அரசியல் உரிமைக்கு 40, குடிமை உரிமைக்கு 60 என்று 100க்குப் புள்ளி போடுகிறது. மலேசியா சில ஆண்டுகளாக 50க்குச் சற்று மேலே. சிங்கப்பூர் அதற்குக் கொஞ்சம் கீழே. இந்தியா 60களில். மூன்றும் இன்றைய கணக்கில் ஒரே மஞ்சள்தான். புள்ளியை எழுதுங்கள்.

அடுத்தது, நீங்கள் பார்ப்பது சண்டை வந்த தீர்மானங்களை மட்டும். பேரவையில் பாதிக்கு மேல் வாக்கெடுப்பே இல்லாமல் நிறைவேறிவிடும். 2015 அக்டோபரில் இலங்கை பற்றி வந்த 30/1 தீர்மானத்துக்கு வாக்கெடுப்பு நடக்கவில்லை. காரணம், இலங்கையே அதை முன்மொழிந்தவர்களில் ஒன்று. அந்த ஆண்டு ஊதா, பச்சை எல்லாம் சேர்ந்து ‘சரி’ சொன்ன கணக்கு. அது உங்கள் அட்டையில் வராது.

இப்போது எனக்குப் பிடித்த இடத்துக்கு வருகிறேன். 2022 அக்டோபர் 6. அன்று ஒரே நாளில் பேரவையில் இரண்டு வாக்கெடுப்பு. ஒன்று இலங்கை பற்றி: ஆதரவு 20, எதிர்ப்பு 7, நடுநிலை 20. இன்னொன்று உய்குர் முஸ்லிம்கள் வாழும் சீனாவின் சின்ஜியாங் வட்டாரத்தைப் பற்றி. அதுவும் கண்டனத் தீர்மானம் கிடையாது, ‘இதைப் பற்றி ஒரு விவாதம் வைக்கலாமா’ என்ற கேள்வி மட்டும். ஆதரவு 17, எதிர்ப்பு 19, நடுநிலை 11. தோற்றுவிட்டது.

ஒரே நாள், அதே 47 நாடுகள், அதே சுதந்திரப் புள்ளிகள். ஆனால் யார் எங்கே நின்றார்கள் என்று பாருங்கள். மெக்சிகோவும் அர்ஜெண்டினாவும் உக்ரேனும் இலங்கை விஷயத்தில் ஆதரவு, சீனா விஷயத்தில் நடுநிலை. ஜப்பான் நேர்மாறு: சீனாவைப் பற்றி விவாதிக்க ஆதரவு, இலங்கையில் நடுநிலை. நமீபியா பச்சை நாடு. சீனாவைப் பற்றிப் பேசவே கூடாது என்று வாக்களித்தது. சோமாலியா ஊதா, பேசலாம் என்றது. மலேசியாவும் இந்தியாவும் இரண்டிலும் நடுநிலை. ஒரு நாட்டின் சுதந்திரம் ஒரே நாளுக்குள் ஏறி இறங்காது. ஆகவே அன்றைய வித்தியாசத்துக்குக் காரணம் வேறு: குற்றம் சாட்டப்படுவது யார், அவரோடு நமக்கு என்ன கொடுக்கல் வாங்கல்.

நடுநிலையைச் சும்மா இருப்பது என்று பிள்ளைகள் நினைத்துவிட வேண்டாம். பேரவையில் ஆதரவையும் எதிர்ப்பையும் மட்டும்தான் ஒப்பிடுவார்கள். 20 நாடுகள் விலகியதால்தான் இலங்கைத் தீர்மானம் 20க்கு 7 என்று சுலபமாகத் தாண்டியது. சீனா விஷயத்தில் விலகிய 11 நாடுகளில் மூன்றே மூன்று ஆதரவுக்கு வந்திருந்தால் 20க்கு 19, விவாதம் நடந்திருக்கும். மலேசியா இரண்டு தடவையும் ஒரே பொத்தானைத்தான் அழுத்தியது. ஒன்றில் அது தீர்மானத்துக்கு உதவியது, மற்றதில் குழி பறித்தது.

இன்னொன்று: மரண தண்டனையை நிறுத்திவைக்கச் சொல்லும் பொதுச்சபைத் தீர்மானம், 2018 டிசம்பர். ஆதரவு 121, எதிர்ப்பு 35, நடுநிலை 32. எதிர்த்த வரிசையில் சீனாவும் சவூதியும் சிங்கப்பூரும் இருப்பதில் ஆச்சரியமில்லை. அவர்களோடு சேர்ந்து நின்றவர்கள் அமெரிக்கா, ஜப்பான், இந்தியா.


பிறை_டீச்சர்:

நன்றி சகோதரரே, ஆனால் நீங்கள் எதிரணிக்குக் குறிப்பு எழுதிக்கொடுத்துவிட்டீர்கள். நான் ஒட்டிப் பேச வேண்டியவள்! ‘கொடுக்கல் வாங்கல்தான் காரணம்’ என்று முடித்தால் எங்கள் தலைப்பு அங்கேயே படுத்துவிடும். சுதந்திரத்துக்கு இதில் வேலையே இல்லையா?


செந்தூல்_பெருசு:

இருக்கிறது டீச்சர். தம்பி நைட்ஷிப்ட் நாடுகளை ஒரு நாளில் வைத்துப் பார்த்தார். நான் ஒரே நாட்டை இரண்டு வருடங்களில் வைத்துப் பார்க்கச் சொல்வேன்.

2009 மே 27. இலங்கைப் போர் முடிந்து பத்து நாள்கூட ஆகவில்லை. பேரவையில் சிறப்புக் கூட்டம். ஜெனீவாவில் பிற்பகல் என்றால் இங்கே இரவு. செந்தூலில் ஒரு மாமாக் கடையில் நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தோம். ஒரு பையன் மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு பெயர் பெயராகப் படித்தான். வாக்கெடுப்புக்கு வந்தது இலங்கையே எழுதிக் கொண்டுவந்த தீர்மானம், தன்னைத் தானே பாராட்டிக்கொள்கிற மாதிரி. ஆதரவு 29, எதிர்ப்பு 12, நடுநிலை 6. சீனா, கியூபா, சவூதி ஆதரவு என்று படித்தபோது யாரும் வாயைத் திறக்கவில்லை. இந்தியா ஆதரவு என்றான். பிரேசில், ஆதரவு. தென்னாப்பிரிக்கா, ஆதரவு. மண்டேலாவின் நாடு! எனக்குப் பக்கத்தில் இருந்தவர் தே தாரிக் கண்ணாடிக் குவளையை மேசையில் வைத்த வேகத்தில் பாதி கொட்டிவிட்டது. கானா, உருகுவே, இந்தோனேசியா, எல்லாம் உங்கள் கணக்கில் பச்சைதான். மலேசியாவும் ஆதரவு.

டீச்சர் அந்த 2009 பட்டியலுக்கும் ஓர் அட்டை செய்து பக்கத்தில் வையுங்கள். மூன்றே வருடத்தில் இந்தியா, நைஜீரியா, கேமரூன், உருகுவே நான்கும் இலங்கைக்குச் சாதகமான பக்கத்திலிருந்து இலங்கையைக் கேள்வி கேட்கும் பக்கம் வந்திருக்கும். ஒன்றின் நிறமும் மாறியிருக்காது. அப்படியானால் எது மாறியது?

இந்தியாவை எடுத்துக்கொள்ளுங்கள். 2011இல் இலங்கைப் போர் பற்றி ஐ.நா. பொதுச்செயலாளரின் நிபுணர் குழு அறிக்கை வந்தது, இந்தோனேசியக்காரர் மார்சுக்கி தருஸ்மான் தலைமையில். தமிழ்நாடு கொதித்தது. டில்லியில் கூட்டணி ஆட்சி, அதில் தி.மு.க.வுக்கு 18 எம்.பி. அமைச்சர்களை இழுத்துக்கொள்வோம் என்று பேச்சு வந்ததும், பிரதமர் மன்மோகன் சிங் 2012 மார்ச் 19 அன்று நாடாளுமன்றத்தில் எழுந்து, ஆதரித்து வாக்களிக்கவே நினைக்கிறோம் என்றார். மூன்று நாளில் வாக்கும் விழுந்தது. அடுத்த வருடம் 2013 மார்ச் 19இல் தி.மு.க. கூட்டணியை விட்டே போய்விட்டது. 2014 மார்ச்சில் தீர்மானம் அனைத்துலக விசாரணை என்று ஒரு படி மேலே போனது, இந்தியா நடுநிலைக்குப் போனது. அந்த நேரத்தில் டில்லியைப் பிடித்து உலுக்கக் கூட்டணிக்குள் தி.மு.க. இல்லை.

சுதந்திரம் செய்கிற வேலை இதுதான் என்பது என் எண்ணம். அது எந்த நாட்டின் கையையும் பிடித்துத் தூக்கிவிடாது. கை தூக்காத அரசாங்கத்தை ஊருக்குள் உட்கார்ந்து மிரட்ட ஒருவனுக்கு இடம் கொடுக்கும். மிரட்ட ஆளில்லாத விஷயம் என்றால், பச்சை நாடாக இருந்தாலும் அதன் தூதர் தன் வியாபாரத்தையும் கூட்டாளியையும் பார்த்துத்தான் வாக்களிப்பார். நமீபியாவில் சின்ஜியாங்குக்காக ஊர்வலம் போக யார் இருக்கிறார்கள்? கேமரூனிலும் இலங்கைக்காகக் கேட்க ஆள் இல்லை. 2009இல் இலங்கை கேட்டது, 2012இல் அமெரிக்கா கேட்டது. கேட்டவர் பக்கம் போனது.

இப்போது நம்ம நாடு. 2009இல் இலங்கையை ஆதரித்த மலேசியா 2012இல் ஏன் நடுநிலை? பேரவையில் அப்போது ஆசியான் நாடுகள் நான்கு இருந்தன. இந்தோனேசியா, பிலிப்பீன்ஸ், தாய்லாந்து மூன்றும் எதிர்ப்பு. அதில் பச்சை நாடான இந்தோனேசியாவைவிட மஞ்சள் மலேசியா இறங்கி வந்தது. நான் இதை இப்படிப் படிக்கிறேன்: 2007 நவம்பர் 25இல் மலேசிய இந்தியர் உரிமைக்காக ஹிண்ட்ராப் பேரணி, 2008 மார்ச் பொதுத்தேர்தலில் ஆளுங்கூட்டணிக்கு மூன்றில் இரண்டு போனது. அதற்குப் பிறகு நம் மலேசிய இந்தியர்களின் 7 விழுக்காட்டு ஓட்டு கண்ணில் பட ஆரம்பித்தது. 2013 தேர்தல் வேறு வரப்போகிறது. நாங்களும் ஒரு மகஜர் கொண்டுபோய்க் கொடுத்தோம். முகப்பில் இருந்தவர் சாப் குத்தி ஒரு நகலைத் திருப்பிக் கொடுத்தார். உள்ளே யார் படித்தார்கள், படித்தார்களா என்பதெல்லாம் கேட்காதீர்கள், அந்த நகலோடு கதை சரி. ஆனாலும் ஆதரவிலிருந்து நடுநிலைக்கு ஒரு படி இறங்கியதை நான் கணக்கில் வைக்கிறேன். ஓரளவு சுதந்திரத்துக்கு ஓரளவு வாக்கு!


பாயான்லெப்பாஸ்_நைட்ஷிப்ட்:

பெருசு, கதை நன்றாக இருக்கிறது, ஆனால் எனக்கு முழுத் திருப்தி இல்லை. ஒரு நாட்டைப் பெயர் சொல்லிக் கண்டிக்கிற தீர்மானத்தில் மலேசியா பல தடவை நடுநிலைக்கு ஓடியிருக்கிறது. 2013இலும் இலங்கை விஷயத்தில் நடுநிலை. 2022 ஏப்ரல் 7இல் பொதுச்சபை ரஷ்யாவைப் பேரவையிலிருந்து நிறுத்திவைத்தபோதும் (93க்கு 24, விலகியது 58) நடுநிலை. அங்கே மலேசிய இந்தியர் ஓட்டு எங்கே வந்தது? 2012 நடுநிலைக்குத் தேர்தல்தான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது.

டீச்சருக்கு இதைவிடக் கெட்டியான உதாரணம் உள்நாட்டில் இருக்கிறது. மேலே சொன்ன மரண தண்டனைத் தீர்மானம். மலேசியா 2016 வரை ஒவ்வொரு முறையும் எதிர்த்தது. 2018 மே 9இல் ஆட்சி மாறியது, அதே டிசம்பரில் முதல் தடவையாக ஆதரித்தது. வாக்கு ஐ.நா.வோடு நின்றுவிடவும் இல்லை. கட்டாய மரண தண்டனையை நீக்கும் சட்டம் 2023 ஜூலை 4இல் நடப்புக்கு வந்தது. நடுவில் பிரதமர்கள் மாறினார்கள், கூட்டணிகள் கவிழ்ந்தன. 2020 வாக்கெடுப்பு வேறு அரசாங்கத்தின் கையில் இருந்தது, அப்போதும் ஆதரவுதான். பெயர் சொல்லித் திட்டும் தீர்மானம் வேறு, எல்லாருக்கும் பொதுவான தீர்மானம் வேறு. இரண்டையும் ஒரே அட்டையில் ஒட்டாதீர்கள்.


செந்தூல்_பெருசு:

ரஷ்யா விஷயம் சரிதான், அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் 2018ஐ எடுத்தால் எதிரணி ஐசெர்டை, அதாவது இனப் பாகுபாட்டை ஒழிக்கும் ஐ.நா. உடன்படிக்கையை எடுப்பான், பார்த்துக்கொள்ளுங்கள். அதே புது அரசாங்கம் அதே ஆண்டு செப்டம்பரில் ஐ.நா. பொதுச்சபையில் மீதி மனித உரிமை உடன்படிக்கைகளிலும் கையெழுத்துப் போடுவோம் என்றது. அதில் ஐசெர்ட் என்றதும் எதிர்ப்பு கிளம்பியது. நவம்பரிலேயே அரசாங்கம் பின்வாங்கிவிட்டது. டிசம்பர் 8இல் டத்தாரான் மெர்டேக்கா பக்கம் நடக்கவிருந்த எதிர்ப்புப் பேரணி நன்றிப் பேரணியாக நடந்தது. மிரட்ட இடம் கிடைத்தது என்றேனே, அந்த இடம் எல்லாருக்கும் கிடைக்கும், மனித உரிமை வேண்டாம் என்பவனுக்கும். அந்த ஒரு வாரம் செந்தூலில் எல்லா மேசையிலும் இதே பேச்சுதான்.


காரக்குழம்பு:

பாலஸ்தீனத்தை யாரும் தொடவில்லையே. எதிரணியில் ஒரு கெட்டிக்காரன் இருந்தால் 2023 டிசம்பர் 12 பொதுச்சபை வாக்கெடுப்பை எடுப்பான். காசாவில் உடனடிப் போர்நிறுத்தம்: ஆதரவு 153, எதிர்ப்பு 10, நடுநிலை 23. எதிர்த்த பத்தில் அமெரிக்கா, ஆஸ்திரியா, செக் நாடு எல்லாம் இருக்கின்றன, மூன்றும் பச்சை. பெயர் சொல்லும் தீர்மானம் என்றால் விலகி ஓடும் மலேசியா அங்கே முதல் ஆளாக ஆதரவு. பெருசின் கணக்குப்படி இதுவும் சரிதான்: நம் ஊரில் பாலஸ்தீனத்துக்காகத் தெருவில் இறங்க எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று எல்லாருக்கும் தெரியும். இலங்கைக்கு இறங்கினால் எத்தனை பேர், அதுவும் தெரியும். 2019 அக்டோபரில் சொஸ்மா என்ற பாதுகாப்புச் சட்டத்தில் 12 பேரைப் பிடித்தது மறக்கவில்லை. விடுதலைப்புலிகளோடு தொடர்பு என்றார்கள், 2020 பிப்ரவரியில் வழக்கைக் கைவிட்டார்கள். கேட்பவனுக்கு இங்கே என்ன நடக்கும் என்பதையும் மஞ்சள் நிறத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்.


பிறை_டீச்சர்:

எல்லாருக்கும் நன்றி. இன்று பிள்ளைகளோடு உட்கார்ந்து வாதத்தை மாற்றி எழுதினோம். ‘சுதந்திர நாடு எப்போதும் நல்ல பக்கம் வாக்களிக்கும்’ என்று எங்கள் அணி சொல்லப்போவதில்லை. ‘சுதந்திரம் உள்ள இடத்தில்தான் வாக்கை மக்கள் மாற்ற முடியும்’ என்பது எங்கள் பிடி. முதல் பேச்சாளர் இந்தியாவின் 2009, 2012, 2014. இரண்டாமவர் மலேசியாவின் மரண தண்டனை வாக்கு. காசா, ஐசெர்ட் இரண்டுக்கும் பதில் சொல்லும் வேலை மூன்றாம் பேச்சாளருக்கு. இந்தோனேசியாவைக் கேட்டவள்தான் அவள், வாய் அதிகம், சமாளிப்பாள்.

ஒரே ஒரு சந்தேகம் மிச்சம். 2021 ஜூன் 18இல் மியன்மார் இராணுவ ஆட்சி பற்றிய பொதுச்சபைத் தீர்மானத்தில் (119 ஆதரவு, 1 எதிர்ப்பு, 36 நடுநிலை) வியட்நாம் ஆதரித்திருக்கிறது, இந்தியாவும் தாய்லாந்தும் விலகியிருக்கின்றன. எதிர்த்த ஒரே நாடு பெலாருஸ். வியட்நாமில் மியன்மாருக்காகக் கேட்க யார் இருந்தார்கள்? பெருசின் கணக்கு இங்கே எப்படி வேலை செய்கிறது? வெள்ளிக்கிழமைக்குள் யாராவது சொன்னால் புண்ணியம், சனிக்கிழமை போட்டி.


செந்தூல்_பெருசு:

வியட்நாமுக்குக் கணக்கு எளிது டீச்சர், ஆசியான் கூட்டாளிகளில் இந்தோனேசியா, மலேசியா, சிங்கப்பூர், பிலிப்பீன்ஸ் எல்லாம் ஆதரவு. மியன்மாரின் இருக்கையில் இருந்த தூதரே இராணுவத்துக்கு எதிராக நின்று ஆதரித்தார். எதிர்ப்பவன்தான் தனித்துப் போவான். இந்தியாவுக்கும் தாய்லாந்துக்கும் மியன்மாரோடு நீண்ட எல்லை. ஆனால் ஒன்று, லாவோசும் கம்போடியாவும் புருணையும் அன்றைக்கு விலகின. அதைத் தூக்கிக்கொண்டு எவனாவது வந்தால் மூன்றாம் பேச்சாளர் பாடு.